பொம்மைக் காரில் இருந்து மீன்பிடிப் படகு வரை: கியருக்கு எந்த ஓயில்?

கனடாவில் இருந்தும் இலண்டனில் இருந்தும் உறவுகள் கோடை விடுமுறைக்கு வந்து போன பிறகு, திருகோணமலையில் எங்கள் கராஜுக்கு வரும் வேலைகளில் அண்மைக் காலமாக ஒரு புது வகை சேர்ந்திருக்கிறது. ரிமோட் கார். கடையில் தொங்கும் மலிவுப் பொம்மைகளைச் சொல்லவில்லை. உண்மைக் காரைப் போலவே சஸ்பென்ஷன், கியர், டிபரன்ஷியல் எல்லாம் உள்ள, கழற்றிப் பூட்டக்கூடிய கார்கள். வந்தவர்கள் இங்குள்ள மருமக்களிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். உப்புவெளி மணலில் நாலு நாள் ஓடினால் ஒன்றில் சில்லு இறுகிப்போகும், இல்லாவிட்டால் ஒரு பக்கச் சில்லு மட்டும் காற்றாடி போலச் சுற்றும். காரைத் தூக்கிக்கொண்டு வரும் பொடியன்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "மாமா, இதுக்கு என்ன ஓயில் விடுறது?"

இதைச் சின்னப்பிள்ளைக் கேள்வி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. திருக்கடலூரிலும் சல்லியிலும் மூதூரிலும் கடலுக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். பலர் கேட்பதில்லை, கையில் கிடைத்ததை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். பொம்மைக்குப் பிழையான ஓயில் விட்டால் விளையாட்டுத்தான் கெடும். கடன் எடுத்து வாங்கிய வெளியிணைப்பு இயந்திரத்தின் கியருக்குப் பிழையான ஓயில் விட்டால் கரை தெரியாத தூரத்தில் துடுப்பைக் கையில் எடுக்க வேண்டி வரும். தவணை மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும்.

கிடைத்ததை ஊற்றும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எரிபொருள் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மோட்டார் சைக்கிளுக்குக் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் எடுத்து, மண்ணெண்ணெயில் ஓடினோம். கடலுக்குப் போகும் நேரத்துக்கும் இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் கட்டுப்பாடு இருந்தது. அப்போது எந்த ஓயில் சரி என்று யோசிக்க இடமே இல்லை. ஏதாவது ஓயில் இருந்ததே பெரிய விஷயம். அந்தக் காலத்துக்கு அது கெட்டித்தனம். இன்று கடைத்தட்டில் பத்து வகைக் கான் அடுக்கியிருக்கிறது, எங்கள் கை மட்டும் இன்னும் பழைய பழக்கத்திலேயே போகிறது.

டிபரன்ஷியல் என்றால் என்ன என்பதில் இருந்து தொடங்குவோம். வாகனம் வளையும்போது வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சில்லு குறையத் தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் ஒன்று இழுபடும். டிபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சில்லுகள் இரண்டு பக்கத்துக்கும் வலுவைக் கொடுத்துக்கொண்டே வேறு வேறு வேகத்தில் ஓடவும் விடுகின்றன.

அது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் வயல்களிலேயே பார்க்கலாம். இரண்டு சில்லு லான்ட்மாஸ்டரில் டிபரன்ஷியல் கிடையாது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது கைப்பிடியில் உள்ள கிளட்சைப் பிடித்து அந்தச் சில்லை விடுவிக்கிறோம். வலது சில்லு மட்டும் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்புகிறது. ஆனால் பெட்டி பூட்டிப் பாரம் ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கும்போது அதே கிளட்சைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் பாயும். இறக்கத்தில் இயந்திரம் சில்லுகளைத் தள்ளுவதில்லை, இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விடுபட்ட இடது சில்லுதான் வேகமாக உருளும். புதிதாக லான்ட்மாஸ்டர் பழகும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். ஓயிலோடு சம்பந்தமில்லாத விஷயம்தான், இருந்தாலும் உயிர் போகிற விஷயம்.

டிபரன்ஷியலுக்கும் ஒரு குறை இருக்கிறது. ஒரு சில்லு மண்ணில் பிடியை இழந்தால் வலு முழுவதும் அந்தச் சில்லைச் சுற்றுவதிலேயே போய்விடும். மற்றச் சில்லு பேசாமல் நிற்கும். சேற்றில் புதைந்த உழவு இயந்திரத்தில் டிபரன்ஷியல் லொக்கை மிதிப்பது இதற்காகத்தான். ரிமோட் காரில் அப்படி மிதிக்க ஆளில்லை. அங்கே லொக்கின் வேலையைப் பாதியளவில் ஓயிலே செய்கிறது. முழுக் கதையும் இந்த இடத்தில்தான் பிரிகிறது.

தரமான ரிமோட் காரின் டிபரன்ஷியல் ஒரு சின்ன மூடிய கிண்ணம். உள்ளே ஊற்றுவது சிலிக்கோன் ஓயில். அதன் தடிப்பைச் சென்ரிஸ்ரோக்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். தண்ணீர் கிட்டத்தட்ட 1. டிபரன்ஷியல் ஓயில்கள் 1,000-இல் தொடங்கிச் சில இலட்சம் வரை போகும். 10,000 என்பது தேன் போல வடியும். உள்ளே இருக்கும் பல்சில்லுகள் இந்தப் பிசினைக் கடைந்துகொண்டுதான் சுற்ற வேண்டும். தடிப்பு கூடக் கூட இடது சில்லும் வலது சில்லும் ஒன்றையொன்று விட்டு ஓடத் தயங்கும். ஆகவே பொம்மைக் காரில் ஓயிலைத் தேர்வது தேய்மானத்தைக் குறைப்பதற்காக மட்டுமல்ல. கார் எப்படி வளைய வேண்டும், எப்படிப் பாய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்காக.

எட்டில் ஒரு பங்கு அளவுள்ள நாலு சில்லும் இழுக்கும் கார்களில் முன், நடு, பின் என்று மூன்று டிபரன்ஷியல்கள் இருக்கும். முன்னுக்கு 5,000, நடுவுக்கு 5,000, பின்னுக்கு 3,000 என்று தொடங்குவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். கைநூல் இருந்தால் அதில் உள்ள இலக்கத்தையே முதலில் பின்பற்ற வேண்டும். வேகம் கொடுத்தவுடன் முன்சில்லு இரண்டும் வீணாகச் சுற்றி மணலை வாரி இறைத்தால் நடுவில் உள்ளதைத் தடிப்பாக்கலாம். வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றால் பின்னுக்கு மெல்லியதை விட்டுப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும்படி பொடியன்களுக்குச் சொல்கிறேன். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஊற்றும்போது உள்ளே இருக்கும் குறுக்கு ஊசிகள் மூடுமளவு போதும். கிண்ணம் முட்ட ஊற்றினால் சூடாகும்போது விரிந்து ரப்பர் வளையத்தைத் தள்ளிக்கொண்டு கசியும். தடித்த ஓயிலில் காற்றுக் குமிழி அடைபடும், ஆறுதலாக வைத்துவிட்டுப் பிறகு மூட வேண்டும். கிண்ணத்துக்கு வெளியே இருக்கும் பெரிய பல்சில்லுக்கும் பினியனுக்கும் சிலிக்கோன் ஓயில் கூடாது. அங்கே மெல்லிய பூச்சாகக் கிறீஸ். அள்ளி அப்பினால் எங்கள் கடற்கரை மணல் அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். துரு இளக்க அடிக்கும் ஸ்பிரேயைக் கியருக்கு அடிப்பதும் பிரயோசனமில்லை, இருந்த கிறீஸையும் அது கழுவிவிடும்.

ஒரு பிள்ளை தகப்பனின் கராஜ் அலுமாரியில் இருந்த 90 கியர் ஓயிலைக் காருக்குள் ஊற்றிக்கொண்டு வந்தான். பெயரில் கியர் ஓயில்தானே, அவன் கணக்குப் பிழையில்லை. ஆனால் 90 ஓயில் எங்கள் வெயிலில் 5,000 சிலிக்கோனை விடப் பத்து மடங்குக்கு மேல் மெல்லியது. டிபரன்ஷியல் முழுக்கத் தளர்ந்து, ஓயிலும் கசிந்து வெளியே வந்துவிட்டது. மறுபக்கமாக, சிலிக்கோன் ஓயில் தடிப்பாக இருக்கிறதே, படகு இயந்திரத்துக்கு விட்டால் என்ன என்று கேட்ட பெரியவர்களும் உண்டு. விட்டால் கியர் அழியும். ஏன் என்பதற்கு, தடிப்பைத் தவிர ஓயிலுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சொல் குழப்பம். எங்கள் செய்திகளில் கச்சா எண்ணெயை "மசகு எண்ணெய்" என்று எழுதுகிறார்கள். மசகு என்பது வண்டில் அச்சுக்குப் போடும் மை. உராய்வைக் குறைக்கும் பொருளுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். இப்போது அந்தப் பெயரைக் கிணற்றில் இருந்து வரும் எண்ணெய்க்குக் கொடுத்துவிட்டு, இயந்திரத்துக்கு விடுவதை "உராய்வு நீக்கி" என்கிறோம். உராய்வை யாரும் முழுதாக நீக்கிவிட முடியாது. நான் ஓயில் என்றே எழுதுகிறேன், கராஜில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

திருகோணமலைக்காரருக்கு எண்ணெய் என்றால் சீனக்குடாத் தாங்கிகள்தான் நினைவுக்கு வரும். பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய 99 தாங்கிகள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் அவற்றையும் தாக்கின. 2022 ஜனவரி உடன்பாட்டின்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசியிடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடமும் இருக்கின்றன. இது பலருக்குத் தெரியும். லங்கா ஐஓசியின் ஓயில் கலப்பு ஆலை ஒன்றும் திருகோணமலையிலேயே இருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. கலப்பு ஆலை என்ற பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஓயில் என்பது ஒரு பொருளல்ல, கலவை. அடிப்படை எண்ணெய் ஒன்று. அதனோடு சேர்க்கும் இரசாயனங்கள் வேறு வேறு. எஞ்சின் ஓயிலில் கரியைக் கழுவி மிதக்க வைக்கும் சேர்க்கை இருக்கும். கியர் ஓயிலில் வேறொன்று.

கியர்ப் பல் இன்னொரு பல்லை அழுத்தும் இடம் நூல் அளவு கோடுதான். அந்தக் கோட்டில் வரும் அழுத்தத்தில் எந்த ஓயிலும் பிதுங்கி ஓடிவிடும். லொறி, வான் பின் அச்சுகளில் பினியன் கிரவுண் சில்லின் நடுவுக்குக் கீழே தள்ளிப் பூட்டப்பட்டிருக்கும். இதை ஹைப்போயிட் கியர் என்பார்கள். அங்கே பற்கள் உருள்வதோடு நில்லாமல் வழுக்கிக்கொண்டும் போகும்; ஓயில் படலம் கிழியும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த சேர்க்கை. பல் சூடாகும் இடத்தில் அது இரும்போடு சேர்ந்து மெல்லிய தோல் ஒன்றை உண்டாக்கும். இரும்பு இரும்போடு ஒட்டிப் பிய்வதற்குப் பதிலாக அந்தத் தோல் தேயும், திரும்பவும் உண்டாகும். கியர் ஓயில் கானைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் அந்தக் கெட்ட மணம் கந்தகத்தின் மணம். சிலிக்கோன் ஓயிலில் இது இல்லை. இரும்புக்கு நடுவே அழுத்தத்தைத் தாங்குவதில் சிலிக்கோன் மிகப் பலவீனம். ரிமோட் காரின் எடை சில கிலோதான் என்பதால் அங்கே அது தப்பிக்கொள்கிறது.

இந்தச் சேர்க்கையின் அளவைத்தான் கானில் ஜீஎல்-4, ஜீஎல்-5 என்று போடுகிறார்கள். ஜீஎல்-5 இல் கூட இருக்கும். கூட இருப்பது எப்போதும் நல்லது என்றில்லை. கைக்கியர்ப் பெட்டிக்குள் பித்தளை வளையங்கள் இருக்கும். சில ஜீஎல்-5 ஓயில்கள் பித்தளையை அரிக்கும். எனவே பின் அச்சுக்கு ஜீஎல்-5, கியர்ப் பெட்டிக்கு ஜீஎல்-4 என்று கைநூலில் இருந்தால் மிஞ்சியதை மாறி ஊற்றக் கூடாது.

அடுத்தது இலக்கம். 90 ஓயில் 40 ஓயிலை விட இரண்டு மடங்கு தடிப்பு என்று நம்பாதவரைக் காண்பது அரிது. இவை இரண்டு வேறு அளவுகோல்கள். 100 பாகை வெப்பத்தில் எஸ்ஏஈ 90 கியர் ஓயிலின் தடிப்பு 13.5 முதல் 18.5 சென்ரிஸ்ரோக்ஸ் வரை. எஸ்ஏஈ 40 எஞ்சின் ஓயில் 12.5 முதல் 16.3 வரை, எஸ்ஏஈ 50 அதற்கு மேல் 21.9 வரை. தடிப்பில் மூன்றும் பக்கத்து வீட்டுக்காரர்கள். அப்படியானால் எஞ்சின் ஓயிலைக் கியருக்கு விட்டால் என்ன? தடிப்பு சரி, கியருக்கு வேண்டிய அளவு கந்தகச் சேர்க்கை இல்லை. படலம் கிழிந்த பிறகு காப்பாற்ற அதில் உள்ளது போதாது. 140 என்பதுதான் உண்மையிலேயே தடிப்பு, 24 க்கு மேல். சத்தம் போடும் பழைய அச்சுக்கு 140 விட்டால் சத்தம் அடங்கும். தேய்ந்த பல் திரும்பி வளராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் அளவுக்கு மீறி அமைதியான டிபரன்ஷியலையும் சந்தேகிக்கலாம்.

இனிப் படகு. வெளியிணைப்பு இயந்திரத்தின் அடியில், தண்ணீருக்குள் இருக்கும் கியர்ப் பெட்டியில் டிபரன்ஷியல் கிடையாது. ஆனால் மேலிருந்து இறங்கும் தண்டின் சுழற்சியைக் காற்றாடிக்குத் திருப்பும் சரிவுப் பல்சில்லுகள் டிபரன்ஷியலின் கிரவுண், பினியன் குடும்பந்தான். பெரும்பாலும் கேட்பது எஸ்ஏஈ 90 ஹைப்போயிட் கியர் ஓயில். 15 முதல் 40 குதிரைவலு வரை உள்ளவற்றுக்குக் கால் லீற்றரில் இருந்து அரை லீற்றருக்குள் போதும். புது இயந்திரமானால் முதல் 10 மணித்தியாலத்தில் ஒரு தடவை, பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. நாளும் கடலுக்குப் போகிறவருக்கு அந்த 100 மணித்தியாலம் ஒரு மாதத்துக்குள்ளேயே வந்துவிடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையில் படகும் இயந்திரமும் நிறையக் கொடுக்கப்பட்டன. நான் கையில் எடுத்துப் பார்த்தவற்றின் கைநூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. பொலித்தீன் உறை பிரிக்காமலே பல வீடுகளில் கிடந்தன.

படகில் ஓயிலின் முதல் எதிரி அழுத்தமல்ல, உப்புத் தண்ணீர். அது உள்ளே வரும் வழியும் எங்கள் தொழிலோடு சேர்ந்தது. அறுந்த தங்கூசி காற்றாடிக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்டு, சுற்றச் சுற்றச் சூடாகி, ஓயில் சீலை வெட்டிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. காற்றாடியைக் கழற்றிப் பார்த்தால்தான் நூல் தெரியும். பத்து நாளைக்கு ஒரு தடவையாவது கழற்றிப் பாருங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

தண்ணீர் வந்ததைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. இயந்திரத்தை இரவு முழுக்க நிமிர்த்தி வைத்துவிட்டு, விடியக் கீழ் ஆணியை மெல்லத் தளர்த்த வேண்டும். தண்ணீர் கனமானது, அடியில் நிற்கும். முதல் சொட்டுகள் தண்ணீராக வந்தால் சீல் போய்விட்டது. ஓடி முடிந்த சூட்டோடு திறந்தால் இரண்டும் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். அந்த ஓயில் பல்லைக் காப்பாற்றாது. சிலர் பால் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டுப் புது ஓயிலை ஊற்றி நிம்மதியாகிறார்கள். சீலை மாற்றாமல் ஓயிலை மட்டும் மாற்றுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதுதான். கறுத்து, எரிந்த மணத்தோடு வந்தால் ஓயில் குறைந்து சூடேறியிருக்கிறது. விரலில் தொட்டுத் தேய்க்கும்போது வெள்ளித் தூள் கொஞ்சம் மின்னுவது வழமை. நகத்தில் தட்டுப்படும் துண்டு வந்தால் கழற்ற வேண்டும்.

ஊற்றுவது மேலிருந்து அல்ல. கீழ்த் துவாரத்தால் ஓயிலை ஏற்றி, மேல்த் துவாரத்தால் குமிழியில்லாமல் வழியும்வரை விட வேண்டும். பிறகு முதலில் மேல் ஆணி, அதன் பின் கீழ் ஆணி. மேலால் ஊற்றினால் காற்று அடைபட்டு, நிரம்பியது போலக் காட்டும், பாதிதான் இருக்கும். ஆணிக்குக் கீழே இருக்கும் வளையமும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். அதன் விலை ஒரு வெறும் தேத்தண்ணிக் காசு.

படகுக்கென்றே வரும் கியர் ஓயிலில் துருவைத் தடுக்கவும், கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலும் தாங்கவும் கூடுதல் சேர்க்கை இருக்கும். விலை கூட. வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். முடியாதவர்கள் கைநூல் சொல்லும் தரத்தில் சாதாரண ஹைப்போயிட் 90 ஐ வாங்கிக் கெதியாக மாற்றுவது, விலை கூடியதை வாங்கி வருடக்கணக்கில் விடுவதை விட மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஓட்டோக்காரர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. உங்கள் டிபரன்ஷியல் கியர்ப் பெட்டியோடு சேர்ந்தே இருக்கிறது. எஞ்சின் ஓயிலே கிளட்சுக்கும் போகும் மாதிரியானால் கானில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்க வேண்டும். கார்களுக்கென்று வழுக்கலைக் கூட்டிச் செய்த ஓயிலை விட்டால் கிளட்ச் நழுவும். உழவு இயந்திரங்களில் பின் அச்சு, ஹைட்ரோலிக், ஓயிலில் நனைந்த பிரேக் எல்லாம் ஒரே தாங்கியில் ஓடும் வகைகள் உண்டு. அவற்றுக்கு 90 கியர் ஓயில் கூடவே கூடாது. டிராக்டருக்கென்று வரும் பொது ஓயில்தான்.

2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, கடற்றொழிலாளர்கள் முதலில் வெட்டியது ஓயில் மாற்றும் செலவைத்தான். அடுப்பு எரிய வேண்டுமென்றால் வேறு எதை வெட்டுவது? ஆனால் கால் லீற்றர் ஓயிலை மிச்சம் பிடித்து ஒரு கியர்த் தொகுதியை வாங்கியவர்களை நான் அதன் பிறகு நிறையக் கண்டேன். சில்லறையாகப் போத்தலில் ஊற்றி விற்கும் ஓயிலையும் கவனிக்க வேண்டும். கழித்த ஓயிலை வடித்துப் பளிச்சென்று ஆக்கலாம், கந்தகச் சேர்க்கையைத் திருப்பிப் போட முடியாது. சீல் உடைக்காத ஒரு லீற்றர் கானை 15 குதிரைவலு வைத்திருக்கும் மூன்று படகுக்காரர் சேர்ந்து வாங்கினால் மூவருக்கும் காணும், கொஞ்சம் மிஞ்சும். வாடை தொடங்கிப் படகைக் கரையேற்றும் முன்பே மாற்றிவிடுவது நல்லது. மாரி முடிந்து இறக்கும்போது மாற்றலாம் என்று விட்டால், உள்ளே நிற்கும் உப்புத் தண்ணீர் அந்த மூன்று மாதமும் பெயரிங்கைத் தின்றுகொண்டிருக்கும்.